ஒரு குவளை மூத்திரம்

பிப்ரவரி 6, செவ்வாய்

மழை ஒருவழியாக விட்டது. நனைந்து நாறிக் கிடந்த படுக்கை விரிப்புகளை எல்லாம் துவைத்து வேலியில் போட்டோம். வேலி முழுக்க வெள்ளை. எமோசி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "சிஸ்டர், கல்யாண வீடு மாதிரி இருக்கு, மாப்பிள்ளைதான் இல்ல" என்றான். எமோசி எங்கள் வார்டு உதவியாள், காவலாள், ஜெனரேட்டர் பார்ப்பவன், எல்லாம் அவனேதான்.

எங்கள் டாக்டர் தலைநகர் சுவாவில் ஏதோ கூட்டத்துக்குப் போனவர் புயலில் அங்கேயே மாட்டிக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் லம்பாசாவுக்குப் போகும் சாலை சரிந்து கிடக்கிறது. கடலில் படகு விட முடியாது. ஆக மருத்துவமனை என்றால் இப்போதைக்கு நானும் சின்ன நர்ஸ் கெலேராவும்தான்.

பள்ளிக்கூட வாத்தியார் கேட்கிறார், "தாரைவினி, பயமா இல்லையா?" என்று. எனக்கா? இந்தக் கையில் எத்தனை பிள்ளைகள் பிறந்திருக்கின்றன, அவருடைய பிள்ளைகள் உட்பட. நான் நல்ல நர்ஸ். இதை வேறு யாரும் எழுதி வைக்கப் போவதில்லை, அதனால் நானே எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 7, புதன்

காலையில் மேலாற்றிலிருந்து ஒரு மூங்கில் தெப்பம் வந்தது. ஒருவன் படுத்திருந்தான், ஒருவர் கழி ஊன்றிக்கொண்டு வந்தார். எந்த ஊர் என்று எமோசி கரையிலிருந்து கத்தினான். நாமுலோவா என்று பதில் வந்தது. எனக்குக் குஷி பிறந்துவிட்டது. நாமுலோவாவும் என் அப்பாவின் தீவும் தௌவு. ஒரே மூதாதைக்குப் பிறந்த இரண்டு கூட்டம். ஒருவரை ஒருவர் என்ன திட்டினாலும் கோபிக்கக் கூடாது. எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் ஏன் என்று கேட்கக் கூடாது.

தெப்பம் கரை தட்டும் முன்பே ஆரம்பித்துவிட்டேன். "நாமுலோவா பன்னிங்களா! வெள்ளம் அடிச்சும் நீங்க ஒழியலையா?"

கழி ஊன்றியவர் பல்லைக் காட்டினார். "அட மீன்தலை! உனக்கு யாரு நர்ஸ் உடுப்பு குடுத்தது? திருடிட்டு வந்தியா?"

படுத்திருந்தவன் சிரிக்கவில்லை. தௌவு திட்டுக்குச் சிரிக்க முடியாத ஆள் என்றால் நோய் பெரிது. என் வாய் அதோடு நின்றது.

பெயர் ருசியாத்தே. முப்பதைத் தாண்டிய வயது. தெப்பம் ஓட்டி வந்தவர் அவன் சித்தப்பா பெனையா. வெள்ளம் வடிந்ததும் காலில் வெட்டுக் காயத்தோடு சேற்றில் இறங்கி, மிஞ்சிய சேப்பங்கிழங்கைத் தோண்டியிருக்கிறான். அப்புறம் காய்ச்சல், கெண்டைக்காலில் உயிர் போகும் வலி, கண்ணில் முதலில் சிவப்பு, இன்று மஞ்சள். எலிக்காய்ச்சல்தான். எங்கள் ஆற்றோரத்தில் வெள்ளத்துக்குப் பிறகு நானே பல பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பெனையா கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசம். "நேத்து காலையிலேருந்து ஒண்ணுக்கே போகலம்மா."

சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது.

போன் டவர் மட்டும் விழாமல் நிற்கிறது. லம்பாசாவில் டாக்டர் ஷாலினி கவுண்டரைப் பிடித்தேன். "சிஸ்டர், பிபி இவ்வளவு கம்மின்னா ஆள் உள்ள காய்ஞ்சு போயிருக்கார். சலைன் ஓட விடுங்க. பென்சிலின் இப்பவே ஆரம்பிங்க. ஆனா உள்ள போறதவிட வெளிய வர்றதுதான் முக்கியம். வெளிய வரலைன்னா ட்ரிப்ப நிறுத்தணும். இல்ல, தண்ணி நுரையீரல்ல போய் நின்னுக்கும்."

தெரியும். தெரிந்ததை இன்னொருவர் சொல்லும்போது கேட்டுக்கொள்வதும் தொழில்தான். டயாலிசிஸ் வசதி அவர்களிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை. ஹெலிகாப்டர் கேட்டேன். மேகம் கலைந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

சிறுநீருக்கு ட்யூப் போடுகிறேன் என்றேன். ருசியாத்தே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வேண்டவே வேண்டாம், பாட்டிலில் பிடித்துத் தருகிறேன் என்றான். சரி என்றேன்.

அப்புறம்தான் கெலேரா வந்து மருந்து அலமாரியின் பின்னால் நின்றாள். "அக்கா, என்னால அந்தக் கட்டில்கிட்ட போக முடியாது."

"ஏண்டி, எலியா இருக்கு அங்க?"

"எங்க பெரியம்மா பையன்."

எங்களுக்குள் பெரியம்மா பையன் என்றால் கூடப்பிறந்த அண்ணன். வயதுக்கு வந்த பிறகு அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவதில்லை, ஒரே பாயில் உட்காருவதில்லை. உடம்பைப் பற்றிய பேச்சை அவன் காதுபட எடுத்தாலே ஊர் காறித் துப்பும். இதில் அவனுடைய மூத்திரத்தை அளப்பது எங்கே? பாவம், முகம் வெளிறிப் போயிருந்தது. நான் இல்லாத நேரம் எமோசி நடுவில் இருந்து கேட்டுச் சொல்லட்டும், அவள் எழுதிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்தேன். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரி 8, வியாழன்

பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வெள்ளத்தில் வீடு போனவர்கள் எல்லாரும் அங்கேதான் தங்கியிருக்கிறார்கள். காய்ச்சல்காரர்களைப் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்ப சாயங்காலம் ஆகிவிட்டது. வார்டுக்குள் நுழையும்போதே அந்தச் சத்தம் கேட்டது. களகளவென்று மூச்சு. ருசியாத்தே உட்கார்ந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். காலில் வீக்கம். சலைன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதல் வேலையாக அதை மூடினேன்.

"ஒண்ணுக்குப் போனானா?"

கெலேரா சீட்டைக் காட்டினாள். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், "நிறைய" என்று எழுதியிருக்கிறாள். எமோசி சத்தியம் செய்தான். "நான் கேட்டேன் சிஸ்டர். போனேன்னு சொன்னாரு. பாட்டில் எங்கன்னு கேட்டேன். பின்னால போயி கொட்டிட்டேன்னு சொன்னாரு."

எழுந்து நிற்கவே முடியாத ஆள் பின்னால் போய்க் கொட்டினானாம்! இந்தத் தடியனும் நம்பினானாம்!

ருசியாத்தேயின் முகத்தைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. சொட்டு வரவில்லை. வரவில்லை என்று எமோசியிடம் சொன்னால், எமோசி கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் தங்கையிடம் சொல்வான். அவள் அடுத்த கேள்வி அனுப்புவாள். வயிறு உப்பியிருக்கிறதா, எரிகிறதா, எங்கே வலிக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தங்கையிடமிருந்து வரும். அதைவிட ஒரு பொய் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. மானத்தைக் காப்பாற்றிக்கொண்டான். நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது. இதை மருத்துவக் கல்லூரியில் எந்தப் பாடத்தில் போடுவார்கள்? உலகத்தில் வேறு எந்த நாட்டிலாவது ஒருத்தன் இதற்காகச் சாகக் கிடப்பானா?

தலையணையை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்து, நீரைப் பிரித்துத் தள்ளும் லாசிக்ஸ் ஊசி பெரிய அளவாக ஏற்றினேன். அப்புறம் ட்யூபை எடுத்தேன். அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் திரும்புடா, நாமுலோவா பன்னி. நான் உனக்கு அக்காவும் இல்ல தங்கச்சியும் இல்ல. நான் தௌவு. உன்கிட்ட இருக்கிற எதையும் நான் எடுத்துக்கலாம். வெக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கறேன், காட்டு."

மூச்சு வாங்கலுக்கு நடுவில் அவன் உதடு கொஞ்சம் வளைந்தது. ட்யூப் போட்டேன். பைக்குள் இறங்கியது ஒரு கரண்டி அளவு, கறுத்த தேநீர் நிறத்தில்.

கெலேரா பின்கட்டில் உட்கார்ந்து அழுதாள். "நான்தான் அக்கா... கட்டில்கிட்ட போயிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"போயிருந்தா தெரிஞ்சிருக்கும், சரி. நாளைக்குப் போ."

அவ்வளவுதான் சொன்னேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

மூச்சு பரவாயில்லை. பையில் வந்தது கொஞ்சமே கொஞ்சம். அவனுக்குக் குடிக்கக் கொடுப்பதும் அளந்துதான், உதடு நனைய.

இன்று நான் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் ஒழுங்காக எழுதுகிறேன்.

மதியம் நாடித்துடிப்பு மாறியது. ஈசிஜி எடுத்தேன். அலைகள் கூடாரக் கம்பு மாதிரி கூராக எழும்பி நின்றன. போனில் படம் பிடித்து அனுப்பினேன். டாக்டர் ஷாலினி உடனே கூப்பிட்டார். "பொட்டாசியம் ஏறிடுச்சு சிஸ்டர். கால்சியம் ஊசி மெதுவா போடுங்க, இதயத்தைக் காப்பாத்த. அப்புறம் இன்சுலினும் குளுக்கோஸும். ஆமா, சாப்பிட என்ன குடுக்கறீங்க?"

"கஞ்சித் தண்ணி, அதுவும் வாய் நனைய."

"வேற ஒண்ணும் இல்லையே? பழம்? இளநீர்?"

இளநீர்! திரும்பிப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு. சாக்குக்குப் பின்னால் பெனையா, தன் வேட்டியால் அதை மூடிக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஊசிகள். கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாக, அலையைப் பார்த்துக்கொண்டே ஏற்றினேன். கூர் மழுங்கியது. அந்த நிமிஷம் இருக்கிறதே, ஒரு மனிதனின் நெஞ்சு உன் விரலுக்குக் கீழே சொன்னபடி கேட்கிற நிமிஷம், அதற்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

பிறகு சாக்கு. வெள்ளத்திலும் தென்னை மட்டும் விழவில்லை. வெள்ளத்துக்கு முன்பே கீழே இறங்கி வந்து பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட நாமுலோவாக்காரர்கள், பார்க்க வரும்போது ஆளுக்கு இரண்டாக வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். நோயாளிக்கு இளநீர் கொண்டுவராமல் கையை வீசிக்கொண்டு வருவது எங்கள் ஊரில் நடக்காது. கொண்டு வந்ததை வேண்டாம் என்று சொல்வதும் நடக்காது. பெனையா முந்தாநாள் முதல் எனக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறார். "தண்ணி குடுக்காம வறுக்கறீங்களே, புள்ள நாக்கு ஒட்டிப் போச்சு" என்றார். கண்ணில் நீர் இருந்தது. கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. அதில் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரகம் அதை வெளியே தள்ளாது, அது நெஞ்சை நிறுத்திவிடும் என்று விளக்கினேன். தலையாட்டினார். வெளியே வாசலில் இன்னும் ஆறு பேர் காயோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கினால் விடிந்துவிடும். விளக்கினாலும் என் தலை மறைந்ததும் கொடுத்துவிடுவார்கள். பாசம் எந்த மருத்துவ விளக்கத்தையும் கேட்காது.

நான் சாக்கை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "நாமுலோவாக்காரங்களா! தௌவு வந்திருக்கேன். இந்தக் காய் என்னோடது. உங்க கையில இருக்கிறதும் என்னோடது. இனிமே இந்த வாசலுக்கு வர்ற ஒவ்வொரு இளநீரும் என்னோடது!"

ஒரே சிரிப்பு. தௌவு பிடுங்கினால் என்ன செய்ய முடியும்? ஒரு கிழவர், "திருட்டுத் தீவுக்காரி, வயிறு வெடிச்சுச் சாகு!" என்று வாழ்த்திவிட்டுத் தானே கத்தியெடுத்து முதல் காயைச் சீவிக் கொடுத்தார். அவர்கள் எதிரிலேயே குடித்தேன். மிச்சத்தைப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளுக்கு அனுப்பினேன். பெனையாவே சுமந்துகொண்டு போனார். போகும்போது, "எங்க சொத்த எல்லாம் தின்னு தீர்த்துட்டா" என்று சந்தோஷமாகப் புலம்பிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு ஒரு காய் கூட உள்ளே நுழையவில்லை. சட்டம் போட்டிருந்தால் மீறியிருப்பார்கள்.

பிப்ரவரி 10, சனி

மேகம். ஹெலிகாப்டர் இல்லை. பையில் இன்றும் அடியை மறைக்கிற அளவுதான். ருசியாத்தே அரை மயக்கத்தில், "பாலம் கட்டிட்டாங்களா?" என்று கேட்டான். மனைவியும் கைக்குழந்தையும் மேலே ஊரில் இருக்கிறார்கள். பாலம் போய்விட்டது, பிள்ளையோடு அவளால் தெப்பத்தில் இறங்கி வர முடியாது. இன்னும் இல்லை என்றேன். செத்துப்போவேனா என்று அவன் கேட்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஓ, இந்த நாள்!

காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு தூக்கி வந்தார்கள். முதல் பிள்ளை. நான் பிரசவ அறைக்குள் போய்விட்டேன். எமோசி தேவாலயத்துக்குப் போய்விட்டான். இன்று போகாதே என்று சொன்னால் கடவுளே என்னைக் கேட்பார். பெனையாவும் போய்விட்டார், ருசியாத்தேக்காகச் சபை முழுக்க ஜெபம் செய்கிறது என்று. வார்டில் கெலேராவும் அவனும் மட்டும். நடுவில் நின்று கேட்டுச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

பிரசவ அறைக்கும் வார்டுக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர். எல்லாம் காதில் விழும். வெகு நேரம் ஒரு பேச்சும் இல்லை. பிறகு அவன் குரல், தேய்ந்து போய்:

"இந்த ட்ரிப் கம்பிகிட்ட சொல்றேன். நெஞ்சுல என்னமோ பண்ணுது."

நான் சுவர்ப் பக்கம் காதைத் திருப்பினேன். என் எதிரே வலியில் இருந்தவளும் கத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

கெலேராவின் குரல் ஜன்னல் பக்கமிருந்து வந்தது. "கம்பிக்குக் கேட்டுச்சு. படபடப்பா, இல்ல அழுத்தமா?"

"கம்பி... படபடப்பு. விட்டு விட்டு அடிக்குது."

"கம்பி சொல்லுது, சட்டையைக் கழட்டணுமாம். ஈசிஜி எடுக்கணுமாம். கம்பிக்குக் கை இல்ல, அதனால வேற ஆள் வருவாங்களாம். கண்ண மூடிக்கச் சொல்லுது."

பிறகு அவள் காலடிச் சத்தம். ஜன்னலிலிருந்து கட்டில் வரைக்கும். இந்தப் பெண் வயதுக்கு வந்ததிலிருந்து அந்த நாலடியைத் தாண்டியதில்லை. அவள் போனாள். அண்ணன் மார்பில் ஒட்டுகளை ஒட்டினாள். நான் பார்க்கவில்லை, இந்தப் பக்கம் பிள்ளைத் தலை தெரிய ஆரம்பித்திருந்தது. ஆனால் பார்த்தது போலவே இருக்கிறது.

"அக்கா!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். "அலை திரும்பக் கூரா நிக்குது! கால்சியம் போடப் போறேன்!"

"போடு! மெதுவா! அலையப் பார்த்துக்கிட்டே போடு! அப்புறம் குளுக்கோஸும் இன்சுலினும், முந்தாநாள் போட்ட அளவு!"

"தெரியும்!"

தெரியும் என்றாள்! அந்தத் தொனி என் தொனி. எங்கே கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாதா?

பிள்ளை பிறந்தது. பெண். நல்ல குரல். தொப்புள் கொடியை வெட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் மறுபடி அமைதியாகிவிட்டது. கூப்பிட்டுக் கேட்க வாயெடுத்தேன். பயமாக இருந்தது. ஆமாம், எனக்குத்தான்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. கெலேரா நின்றாள். கையில் அளவுக் குவளை. பாதிக்கு மேல். மஞ்சள், கொஞ்சம் கலங்கல், மேலே நுரை. உலகத்தில் அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. அதன் பெயரை அவள் வாயால் சொல்ல முடியாது. அண்ணனுடையது அல்லவா. அதனால் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது.

"எப்போ?"

"இப்ப அளந்தேன். பை திரும்பவும் ரொம்புது அக்கா. நின்னு பார்க்கப் பார்க்க ரொம்புது."

நான் அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். குவளை சிந்திவிடும் என்று பின்னால் நகர்ந்துகொண்டாள். பிள்ளை பெற்றவள் படுத்தபடியே, "என்ன சிஸ்டர் அது?" என்று கேட்டாள். சொன்னேன். "கடவுளே, நன்றி" என்றாள் அவள், பெரிய சத்தமாக, தன் பிள்ளையைக் கூட இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

தேவாலயம் முடிந்து எல்லாரும் நேராக இங்கே வந்தார்கள், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு. போதகர் முன்னால். கெலேரா குவளையை வாசல் மேசையில் வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். ஊரே சுற்றி நின்று பார்த்தது. பெனையா தொப்பியைக் கழற்றினார். போதகர் ஜெபிக்க வாயெடுத்து, எந்த வார்த்தையைப் போட்டு நன்றி சொல்வது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, "ஆண்டவரே, தண்ணீர்களைத் திறந்துவிட்டீர்" என்றார். ஆமென் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். கோபமோ சிரிப்போ எதுவும் இல்லாமல், மனசார.

பிப்ரவரி 12, திங்கள்

கொட்டுகிறது. மூடிக்கிடந்ததெல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்டது போல. இப்போது கதை தலைகீழ். போகிறதற்கு ஈடாக உள்ளே விடாவிட்டால் ஆள் மறுபடி காய்ந்துவிடுவான். சலைன் பாட்டில்கள் குறைகின்றன. கெலேராவும் நானும் மாற்றி மாற்றி அளக்கிறோம். அவள் கட்டில் பக்கத்திலேயே நின்று அளக்கிறாள். அவன் அப்போது கண்ணை மூடிக்கொள்கிறான். ஏற்பாடு அவர்களே செய்துகொண்டது. எமோசிக்கு வேலை போய்விட்டதில் வருத்தம்.

மதியம் மேகம் கிழிந்து ஹெலிகாப்டர் இறங்கியது. விமானி நீளமான கால்களோடு ஓடி வந்தான். "சீக்கிரம் சிஸ்டர், பேஷன்ட் எங்க? கிட்னி கேஸாமே?"

"பேஷன்ட் பிஸி. ஒண்ணுக்குப் போயிட்டிருக்கான்."

முழித்தான். டாக்டர் ஷாலினியிடம் காலையிலேயே பேசியிருந்தேன். அவர் எல்லா அளவையும், எல்லா ஈசிஜியையும் பார்த்துவிட்டுச் சொன்னது: "இவ்வளவு நல்லா போகும்போது அவரைத் தூக்கிக் குலுக்க வேணாம். ரத்தத்தை அனுப்புங்க, நான் சலைன் அனுப்பறேன். சிஸ்டர், இது உங்க பேஷன்ட்." ரத்தக் குழாய்களைப் பஞ்சில் சுற்றி விமானி கையில் கொடுத்தேன். பெட்டி பெட்டியாகச் சலைனை இறக்கினான். கதவைச் சாத்தும்போது, "எனக்கு இப்படி ஆனா நான் இங்கதான் வருவேன்" என்று கத்தினான். விசிறிச் சத்தத்தில் எமோசிக்குக் கேட்கவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது.

உங்க பேஷன்ட்.

பிப்ரவரி 14, புதன்

ரத்த முடிவு போனில் வந்தது. ரத்தத்தில் தேங்கிய கழிவைக் காட்டும் கிரியாட்டினின் இன்னும் உயரம்தான். ஆனால் கடல் அடங்கி நேற்று படகில் அனுப்பியதில் முந்தினதைவிடக் குறைந்திருக்கிறது. பொட்டாசியம் இப்போது கீழே போகிறது, அத்தனையும் மூத்திரத்தில் போய்விடுகிறதாம். "இனிமே இளநீர் குடுக்கலாம். கண்டிப்பா குடுங்க" என்றார் டாக்டர்.

வாசலில் போய்ப் பெனையாவிடம் சொன்னேன். மனுஷன் என்னை முறைத்தார் பாருங்கள். "வேணாம்னு பிடுங்கினே. வேணும்னு இப்ப கேக்கறே. டாக்டர் படிப்பா இது, தீவுக்காரி புத்தியா?" என்று கேட்டுவிட்டு, மரத்தைப் பார்த்து ஓட்டமாக ஓடினார்.

ருசியாத்தே இன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டினான். கெட்ட வார்த்தை. எழுத மாட்டேன். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

பிப்ரவரி 16, வெள்ளி

தூக்கம். தூக்கம். தூக்கம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

டாக்டர் சுவாவிலிருந்து வந்துவிட்டார். சீட்டுகளையெல்லாம் உட்கார்ந்து படித்தார். எலிக்காய்ச்சல், சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் நீர், பொட்டாசியம் இரண்டு தடவை, பிறகு குணம். நிமிர்ந்து, "இங்கயேவா?" என்றார். இங்கேயேதான் என்றேன். கெலேராவின் கையெழுத்து இருந்த பக்கங்களை நானே தனியாக எடுத்துக் காட்டினேன்.

ருசியாத்தே இன்று வீட்டுக்குப் போனான். ஆள் பாதியாக இளைத்துவிட்டான். ஆனால் தானே நடந்தான். ஆற்றின் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள், மனைவி குழந்தையோடு இறங்கி வந்து கரையில் நிற்கிறாள் என்று சொன்னதும் பெனையா அவனை இழுத்துக்கொண்டு கிளம்பினார். நான் வாசலில் ஒரு நல்ல திட்டாக யோசித்துக்கொண்டு நின்றேன், ஊர் வரைக்கும் நினைவிருக்கிற மாதிரி.

அவன் வாசலுக்கு வரவில்லை. திரும்பி, கெலேரா உட்கார்ந்து எழுதும் அறைப் பக்கம் போனான். கதவு திறந்திருந்தது. உள்ளே போகவில்லை. கதவுக்கு வெளியே, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். உடம்பில் வலு இல்லாததால் உட்காரவே நேரம் பிடித்தது. பிறகு இரண்டு உள்ளங்கையையும் குழித்து மெதுவாக, கனமாகத் தட்டினான். சபையில் தலைவர்களுக்கு முன்னால் ஆண்கள் தட்டுகிற தட்டு. ஒரு பெண்ணுக்கு, அதுவும் வயதில் சின்னவளுக்கு, யாரும் அப்படித் தட்டி நான் பார்த்ததில்லை.

உள்ளே பேனா நின்றது. கெலேரா நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கி உட்கார்ந்தாள். அவளும் திரும்பாமல், சுவரைப் பார்த்தபடி, பதிலுக்குத் தட்டினாள்.

நான் யோசித்து வைத்த திட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. இருபத்தாறு வருஷ வேலையில் என் கண் இப்படி நிறைந்ததில்லை. இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கெலேரா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எமோசி அண்ணே, அவர்கிட்ட சொல்லுங்க. அடுத்த புதன்கிழமை ரத்தம் எடுக்க வரணும். கண்டிப்பா வரணும்."

ருசியாத்தே தரையைப் பார்த்துக்கொண்டே எழுந்தான்.

"வருவேன்னு என் தங்கச்சிகிட்ட சொல்லுங்க."